நீதிமன்றம் கேட்டதும் ஊர் கேட்டதும்

2011 அக்டோபரிலும் நவம்பரிலும் நான்கு நாட்கள், பெங்களூரு பரப்பன அக்ரஹாரா மத்தியச் சிறை வளாகத்தில் கூடிய சிறப்பு நீதிமன்றத்தில், சொத்துக் குவிப்பு வழக்கில் அன்றைய தமிழக முதல்வர் ஜெ. ஜெயலலிதா நேரில் ஆஜரானார். நீதிபதி அவரிடம் மொத்தம் 1,339 கேள்விகள் கேட்டார். நிலம் எப்போது வாங்கப்பட்டது, யார் பெயரில் வாங்கப்பட்டது, எந்தக் கம்பெனியின் கணக்கிலிருந்து பணம் போனது, நகையின் மதிப்பு என்ன, திருமணச் செலவை யார் கொடுத்தார்கள் என்பது போன்ற கேள்விகள் அவை. எல்லாமே 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரையிலான வரவு செலவைச் சுற்றியவை. ஒரு மாநிலத்தின் முதல்வரை அண்டை மாநிலத்துக்கு வரவழைத்து இத்தனை கேள்விகளைக் கேட்க முடிந்தது இந்திய நீதித்துறைக்குப் பெருமை.

அந்த வளாகத்துக்கு வெளியே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வேறு சில கேள்விகளும் அவரைத் துரத்தின. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை? எம்.ஜி.ஆருக்கு அவர் என்ன முறை? வீட்டில் கூடவே இருக்கும் தோழி யார்? ஊரறியாமல் குழந்தை உண்டா? மேடைகளில் இவை கொச்சையாகக் கேட்கப்பட்டன, பத்திரிகைகளில் கிசுகிசுவாக வந்தன, சட்டமன்றத்துக்குள்ளும் ஜாடையாக ஒலித்தன. முதல் வகைக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அவர் கடமைப்பட்டவர். இரண்டாம் வகைக் கேள்விகளைக் கேட்க எவருக்கும் உரிமை இருந்ததில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால் அவருக்கு அநீதி நடந்தது. அவரைப் பற்றிய நேர்மையான விமர்சனமும் அதனால் பலவீனப்பட்டது.

ஜெயலலிதாவின் கதை தொடங்கியதே கர்நாடக மண்ணில்தான். 1948 பிப்ரவரி 24 அன்று அன்றைய மைசூர் சமஸ்தானத்தின் மேல்கோட்டையில் பிறந்தார். இரண்டு வயதில் தந்தை ஜெயராம் காலமானார். தாய் வேதவல்லி பிழைப்பு தேடிச் சென்னை சென்று சந்தியா என்ற பெயரில் திரைப்படங்களில் நடிக்க, மகள் பெங்களூருவில் தாத்தா பாட்டியின் வீட்டில் தங்கி பிஷப் காட்டன் மகளிர் பள்ளியில் படித்தார். பத்து வயதில்தான் சென்னைக்குப் போனார். சர்ச் பார்க் பள்ளியில் நல்ல மதிப்பெண்களுடன் மெட்ரிக் முடித்தவருக்குக் கல்லூரிக் கனவு இருந்தது. குடும்பத்தின் பணத்தேவை அவரை ஸ்டுடியோவுக்கு அனுப்பியது. 1964-இல் கன்னடத்தில் 'சின்னத கொம்பே', 1965-இல் தமிழில் 'வெண்ணிற ஆடை', அதே ஆண்டு எம்.ஜி.ஆருடன் 'ஆயிரத்தில் ஒருவன்' என்று தொடர்ந்து, எம்.ஜி.ஆருடன் மட்டும் 28 படங்களில் நடித்தார். தான் எடுத்த முடிவுகளைவிடத் தனக்காக எடுக்கப்பட்ட முடிவுகள் அதிகமாக இருந்த இளமை அது. தன் வாழ்வின் பெரும்பகுதியைத் தாயும் எம்.ஜி.ஆருமே ஆட்கொண்டிருந்தார்கள் என்று 1999-இல் சிமி கரேவாலுக்கு அளித்த தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு மேல் அவர் சொல்ல விரும்பவில்லை. 1970-களின் பிற்பகுதியில் 'குமுதம்' இதழில் தன் வாழ்க்கையைத் தொடராக எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பது அவருடைய உரிமை.

விமர்சகர்களின் முதல் வாதம், அவர் அ.தி.மு.க.வை நிறுவிய எம்.ஜி.ஆரின் நெருக்கத்தால் பதவிக்கு வந்தவர், ஆகவே அந்த உறவு பொது விவாதத்துக்கு உரியது என்பது. இதில் பாதி நியாயம் உண்டு. 1982-இல் அ.தி.மு.க.வில் சேர்ந்தவர் அடுத்த ஆண்டே கொள்கை பரப்புச் செயலாளர் ஆனதும், 1984-இல் மாநிலங்களவைக்குப் போனதும் கட்சித் தலைவரின் தயவால்தான். தகுதியைத் தாண்டிச் சலுகை கிடைத்ததா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை அவர் மேடையில் எப்படிப் பேசினார், அவையில் என்ன செய்தார், தேர்தலில் எவ்வளவு வாக்கு வாங்கிக் கொடுத்தார் என்பதில் இருக்கிறது. படுக்கையறையில் அதற்கு விடை கிடையாது. ஆண் தலைவர்கள் கைதூக்கிவிட்ட ஆண் தொண்டர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவர்களில் ஒருவரிடமாவது இப்படி விசாரணை நடத்தப்பட்டதா?

1987 டிசம்பர் 24 அன்று, முதல்வராக இருந்த எம்.ஜி.ஆர். காலமானார். ராஜாஜி மண்டபத்தில் அவரது உடலின் தலைமாட்டில் இரண்டு நாட்களாகச் சுமார் 21 மணி நேரம் ஜெயலலிதா நின்றார். சுற்றி நின்றவர்கள் அவரைக் கிள்ளினார்கள், இடித்தார்கள், ஏசினார்கள் என்று அவர் பின்னாளில் கூறினார். இறுதி ஊர்வலம் புறப்பட்டபோது பீரங்கி வண்டியில் ஏறியவரைக் கீழே தள்ளினார்கள். மனைவி அல்லாத பெண்ணுக்கு அங்கே இடமில்லை என்பதுதான் தள்ளிய கைகள் சொன்ன செய்தி. ஒரு கட்சியின் கொள்கை பரப்புச் செயலாளராக இருந்தவர், மாநிலங்களவை உறுப்பினர், தன் கட்சித் தலைவரின் இறுதிச் சடங்கில் இப்படி நடத்தப்பட்டார். இதே நிலையில் ஓர் ஆண் உறுப்பினர் இருந்திருந்தால் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள்.

அதற்கடுத்து நடந்ததை விமர்சகர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். எம்.ஜி.ஆரின் மனைவி வி.என். ஜானகி 1988 ஜனவரியில் முதல்வராகி 24 நாட்கள் பதவியில் இருந்தார். கட்சி இரண்டாக உடைந்தது. 1989 ஜனவரியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் ஜானகி அணி இரட்டைப் புறா சின்னத்திலும் ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும் நின்றன. முறைப்படி மனைவியான ஒருவரும், எந்த முறையும் சொல்ல முடியாதவர் என்று ஏசப்பட்ட ஒருவரும் எம்.ஜி.ஆரின் தொண்டர்கள் முன்னே நேருக்கு நேர் நின்றார்கள். ஜானகி அணிக்கு 2 இடங்கள், ஜானகியே ஆண்டிப்பட்டியில் தோற்றார். ஜெயலலிதா அணிக்கு 27 இடங்கள், அவர் போடிநாயக்கனூரில் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். எம்.ஜி.ஆரைக் குடும்பத்தில் ஒருவராகக் கருதிய கிராமத்துப் பெண்கள், தாலி இருக்கிறதா என்று பார்த்து வாக்களிக்கவில்லை. படித்த விமர்சகர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கேள்வியை அவர்கள் அன்றைக்கே தள்ளிவிட்டார்கள்.

ஆனாலும் அந்தக் கேள்வி ஓயவில்லை. இரண்டே மாதத்தில், 1989 மார்ச் 25 அன்று, நிதிநிலை அறிக்கை நாளில் சட்டமன்றத்தில் கலவரம் வெடித்தது. கலைந்த கூந்தலும் கிழிந்த புடவையுமாக ஜெயலலிதா வெளியே வந்தார். தன் சேலை இழுக்கப்பட்டது என்று அவர் குற்றம்சாட்டினார், ஆளுங்கட்சியான தி.மு.க. அதை மறுத்தது. அன்று யார் என்ன செய்தார்கள் என்பதில் இன்றும் இரு தரப்புக்கும் இரண்டு கதைகள் உண்டு. ஆனால், அன்றும் அதற்கு முன்னும் பின்னும் அவரைக் குறிவைத்து மேடைகளில் பேசப்பட்ட ஆபாசத்தை எந்தத் தரப்பும் மறுக்க முடியாது. முதல்வராகத்தான் இந்த அவைக்குத் திரும்புவேன் என்று சபதம் செய்தவர், 1991 ஜூன் 24 அன்று முதல்வரானார்.

ஆண் தலைவர்களின் மண வாழ்க்கையை இங்கே நினைவுபடுத்துவது அவர்களைக் குறைசொல்ல அல்ல. எம்.ஜி.ஆர். மூன்று முறை மணந்தவர். முதல் இரு மனைவியரும் இறந்துபோனார்கள். ஜானகிக்கும் அது முதல் திருமணம் இல்லை. மு. கருணாநிதியின் குடும்பத்தில் தயாளு அம்மாள், ராஜாத்தி அம்மாள் என இரு இல்லங்கள் இருந்ததைத் தமிழகமே அறியும். இவை எதுவும் அந்த இருவரின் வாக்கு வங்கியைத் தொடவில்லை, தொட வேண்டியதும் இல்லை. அந்தப் பெருந்தன்மையைத் தமிழ்ச் சமூகம் ஆண்களுக்கு மட்டும் ஒதுக்கிவைத்துக்கொண்டதுதான் பிரச்சினை. மூன்று முறை மணந்தவரும் இரண்டு இல்லம் வைத்தவரும் தலைவர்கள். ஒருமுறைகூட மணக்காதவர் நடத்தை கெட்டவர். எந்த ஒழுக்க நூலாலும் இந்தக் கணக்கை நியாயப்படுத்த முடியாது.

திராவிட இயக்கத்தின் மேடைகளிலேயே இது நடந்தது என்பது கூடுதல் வேதனை. பெண்ணின் விருப்பமே திருமணத்தின் அடிப்படை என்றும், மணமே வேண்டாம் என்று பெண் முடிவெடுக்கலாம் என்றும் பேசிய இயக்கம் அது. சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டபூர்வமாக்கியது 1967-இல் வந்த அண்ணாவின் ஆட்சி. அந்த இயக்கத்தின் தலைவரே ஊர் வாயில் விழுந்தவர்தான். 1949 ஜூலை 9 அன்று எழுபது வயதை நெருங்கிய பெரியார், ஏறத்தாழ நாற்பது வயது இளையவரான மணியம்மையைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். பொருந்தா மணம் என்று இயக்கமே கொந்தளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பெரியாரின் திராவிடர் கழகம் உடைந்து தி.மு.க. பிறந்தது. இயக்கத்துக்கும் அதன் சொத்துக்கும் நம்பகமான வாரிசு வேண்டும் என்று பெரியார் சொன்ன காரணத்தை அன்று பலர் ஏற்கவில்லை. பெரியார் 1973-இல் மறைந்த பிறகு மணியம்மை 1978-இல் தான் இறக்கும்வரை திராவிடர் கழகத்தைத் தலைமையேற்று நடத்தினார். 1949-இல் அவரைப் பற்றிப் பேசப்பட்ட அத்தனை வசைகளுக்கும் அந்த ஆண்டுகளே பதில். கட்சி உடைந்ததற்கு அந்தத் திருமணம் மட்டும்தானா காரணம் என்பது வரலாற்று ஆய்வாளர்களின் கேள்வி. மணியம்மையின் நடத்தை அந்தக் கேள்விக்குள் வராது.

சட்டம் இந்த விஷயத்தில் எங்கே நிற்கிறது? 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ராஜகோபால் வழக்கு தமிழகத்திலிருந்தே போனது. 'நக்கீரன்' இதழ் மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவதை ஜெயலலிதா ஆட்சியின் அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். முன்கூட்டியே தடைபோட அரசுக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்புதான் குடும்பம், திருமணம், தாய்மை, குழந்தைப்பேறு போன்றவற்றில் ஒவ்வொருவருக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்றும் சொன்னது. அரசுப் பதவியில் இருப்பவர்களின் அலுவல் சார்ந்த நடத்தையை விமர்சிக்கத் தடையில்லை என்று கோட்டையும் கிழித்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் பெங்களூருவில் வாழ்ந்த, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒருவரின் வழக்கால் நாட்டு மக்கள் அனைவருக்கும் கிடைத்த உரிமை அது. பதவியில் இருப்பவருக்கும் அது உண்டு.

அப்படியானால் அரசியல்வாதியின் குடும்ப வாழ்வு ஒருபோதும் பொதுப் பேச்சுக்கு வரக்கூடாதா? வரலாம், வர வேண்டிய இடத்தைப் பெங்களூரு வழக்கே காட்டுகிறது. 1995 செப்டம்பர் 7 அன்று சென்னையில் வளர்ப்பு மகன் சுதாகரனின் திருமணத்தை ஜெயலலிதா நடத்தினார். யாரை மகனாக ஏற்பது, யாருக்கு மணமுடித்து வைப்பது என்பது அவருடைய வீட்டு விஷயம். பந்தலுக்கும் விருந்துக்கும் கொட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்பது நாட்டின் விஷயம். தோழி சசிகலாவுடனான நட்பும் இப்படித்தான். ஒரு பெண் இன்னொரு பெண்ணை உடன்பிறவாச் சகோதரியாக ஏற்று ஒரே வீட்டில் வாழ்வதில் யாருக்கும் வேலையில்லை. அதை வைத்துக் கட்டப்பட்ட ஆபாசக் கதைகள் வெட்கக்கேடு. ஆனால், ஜெயலலிதா தன் போயஸ் தோட்ட வீட்டில் சசிகலா, சுதாகரன் உள்ளிட்ட மூவரைத் தங்கவைத்தது மனிதாபிமானத்தால் அல்ல, சொத்தை அவர்கள் பெயரில் வைத்திருக்கும் சதியால்தான் என்று 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அது நட்பைத் தீர்ப்பிடவில்லை; வங்கிக் கணக்குகளையும் கம்பெனிப் பதிவுகளையும் பார்த்துச் சொன்னது. 2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்ததும் அதே அடிப்படையில். இடையில் 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. அதற்குள் அவர் இறந்துவிட்டதால் அவர்மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. மற்ற மூவரும் சிறை சென்றார்கள்.

இன்னொரு எல்லையும் உண்டு. வயது வந்தவர்கள் விரும்பி வாழும் வாழ்வு அந்தரங்கம். வற்புறுத்தலும் வன்முறையும் குற்றம். ஹாசன் தொகுதியின் முன்னாள் எம்.பி. பிரஜ்வல் ரேவண்ணாவுக்குப் பாலியல் வன்கொடுமை வழக்கில் 2025 ஆகஸ்ட் 2 அன்று பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அத்தகைய வழக்கில் 'இது சொந்த விஷயம்' என்ற வாதத்துக்கு இடமே கிடையாது. அங்கே ஒரு பெண் புகார் கொடுத்தார், பாதிக்கப்பட்டார். ஜெயலலிதாவின் வாழ்க்கையில் யார் பாதிக்கப்பட்டார்கள், யார் புகார் கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. வேட்பாளரின் வாழ்க்கைத்துணை பற்றித் தேர்தல் ஆணையம் கேட்கும் விவரங்களும் முக்கியமாகச் சொத்து, கடன், வருமானம் சார்ந்தவை. பிரமாணப் பத்திரத்தில் அதற்கென இடம் இருக்கிறது. பொய் எழுதினால் கேட்கலாம். மணமாகாத வேட்பாளர் அங்கே 'பொருந்தாது' என்று எழுதினால் போதும்.

இறந்த பிறகும் அவருக்கு நிம்மதி கிடைக்கவில்லை. 2016 டிசம்பர் 5 அன்று காலமானவரை மெரினாவில் எம்.ஜி.ஆர். நினைவிடத்தை ஒட்டி அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டே, தான் அவருடைய மகள் என்று உரிமை கோரி பெங்களூருவிலிருந்து ஒரு பெண்ணின் மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. உடலைத் தோண்டியெடுத்து மரபணுச் சோதனை நடத்த வேண்டும் என்பது அதன் கோரிக்கை. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2018-இல் தமிழக அரசு அதை எதிர்க்கத் தாக்கல் செய்த ஆதாரங்களில் 1980-ஆம் ஆண்டுத் திரைப்பட விருது விழாக் காணொளி ஒன்றும் இருந்தது. மகள் பிறந்ததாகச் சொல்லப்பட்ட தேதிக்குச் சற்று முன்பு எடுத்தது. அதில் அவர் கர்ப்பமாகத் தெரியவில்லை என்பது அரசின் வாதம். அரசு தன் கடமையைத்தான் செய்தது, குறைசொல்ல முடியாது. ஆனாலும் ஆறுமுறை முதல்வராகப் பதவியேற்ற ஒருவரின் வயிற்றை, அவர் இறந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், முப்பத்தெட்டு ஆண்டுப் பழைய படச்சுருளில் தேட வேண்டி வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் மனு தள்ளுபடியானது. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அவருடைய அண்ணன் பிள்ளைகளான தீபாவையும் தீபக்கையும் சட்டப்படி வாரிசுகள் என்று அறிவித்தது. ஒருவரின் குடும்ப நிலையை அரசு அறிய வேண்டிய தேவை சொத்துரிமையில் வந்தது. அதை வாரிசுச் சட்டம் சத்தமில்லாமல் தீர்த்துவைத்தது.

இந்த வாதத்தில் ஒரு குறையை ஒளிக்க முடியாது. தன் அந்தரங்கத்தைக் காக்க நினைத்த ஜெயலலிதா, அதற்கு அரசு எந்திரத்தையும் பயன்படுத்தினார். எழுத்தாளர் வாஸந்தி ஆங்கிலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவராமல் நீதிமன்றத் தடை வாங்கினார். 2011 முதல் ஐந்தாண்டுகளில் அவரது அரசு தொடுத்த அவதூறு வழக்குகள் இருநூறைத் தாண்டின. ஊடகங்கள் மீதும் எதிர்க்கட்சியினர் மீதும் பாய்ந்தவை அவை. பொதுவாழ்வில் இருப்பவர் விமர்சனத்தைத் தாங்க வேண்டும் என்று 2016 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அந்தக் கண்டனம் அவருக்குத் தேவையானதே. ஆட்சியைப் பற்றிய கேள்வியையும் அவதூறு என்று வழக்காக்கியதால், உண்மையான அவதூறு எது என்று மக்கள் பிரித்துப் பார்ப்பதும் கடினமானது.

விமர்சிக்க வேண்டியவை அவர் ஆட்சியிலேயே குவிந்து கிடந்தன. 1992 பிப்ரவரி 18 அன்று கும்பகோணம் மகாமகத்தில் அவர் நீராடச் சென்ற நாளில் நெரிசலில் சிக்கி ஏறத்தாழ 50 பேர் செத்தார்கள். 2003-இல் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார். மறுபக்கத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டமும் அனைத்து மகளிர் காவல் நிலையங்களும், 2013-இல் அம்மா உணவகமும் அவர் கணக்கில் உண்டு. இவற்றைப் பற்றிய விவாதத்தில் அவரை எவ்வளவு கடுமையாகவும் எடைபோடலாம். மகாமகத்தில் செத்தவர்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்க வேண்டிய மேடைகளில் அவர் யாருடைய மனைவி என்று கேட்டுச் சிரித்தவர்கள், செத்தவர்களுக்கும் துரோகம் செய்தார்கள்.

வெளிநாட்டிலிருந்து ஓர் உதாரணம்: பிரான்சு அதிபராக இருந்த மித்தெரான் மணவாழ்வுக்கு வெளியே பிறந்த தன் மகளைப் பல ஆண்டுகள் பொதுவெளிக்குக் காட்டாமல் வைத்திருந்தார். 1996 ஜனவரியில் அவரது இறுதிச் சடங்கில் மனைவியும் மகன்களும், அந்த மகளும் அவள் தாயும் ஒரே இடத்தில் நின்றார்கள். பீரங்கி வண்டியிலிருந்து யாரையும் யாரும் தள்ளவில்லை. அந்த மகளின் பாதுகாப்புக்கும் இருப்பிடத்துக்கும் அரசுப் பணம் செலவானது பற்றிப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் கடுமையாகக் கேள்வி கேட்டன. கேட்க வேண்டிய கேள்வி அது.

ஜெயலலிதா வழக்கில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்ட இடம் பெங்களூரு. பறிமுதலான நகைகளைக் கேட்டு வாரிசுகள் தொடுத்த மனுவைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் தள்ளுபடி செய்தது. அடுத்த மாதம், 27 கிலோவுக்கு மேற்பட்ட தங்க, வைர நகைகளும் 1,500 ஏக்கருக்கு மேற்பட்ட நிலங்களின் பத்திரங்களும் பெங்களூருவில் கணக்குப் பார்த்துத் தமிழக அரசிடம் ஒப்படைக்கப்பட்டன.